புழுக்கள் அடங்கும் நேரம்

கிளி வாங்கி வருகிறேன் என்று போன மனுஷன் புழு வாங்கிக்கொண்டு வந்தார். இதுதான் என் வீட்டுக்காரர். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் தவிடு, தவிட்டுக்குள் மஞ்சளாய் நெளிகிற மாவுப்புழு. பறவைக் கடைக்காரர் இவருக்குப் புதுச் சிநேகிதம். பறவைகளுக்குப் போட உயிரோடு புழு போதுமான அளவு கிடைப்பதில்லை என்று அவர் இவரிடம் புலம்பியிருக்கிறார். ஊரில் யார் புலம்பினாலும் அதைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆள் இவர். "இது கடிக்காது, நாறாது, பறக்காது" என்று எனக்கு வகுப்பு எடுத்தார். "அப்ப உங்களுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றேன். சிரித்தார். அவருக்குக் கோபமே வராது. அவர் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டான் ஆண்டவன்.

அந்த ஒரு டப்பா வளர்ந்து வளர்ந்து உள்ளறையையே பிடித்துக்கொண்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் கையில் எப்போதும் இரும்புத் துண்டு மிச்சம் இருக்கும். அதையெல்லாம் சேர்த்து ஒரு சட்டம் செய்து, உள்ளறைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கி, பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கினார். மேலே வண்டு, நடுவில் குட்டிப் புழு, கீழே பெரிய புழு. புழு வளர்ந்து கூட்டுப்புழுவாகி, அதிலிருந்து வண்டு வரும். பிரித்து வைக்காவிட்டால் வண்டு அந்தக் கூட்டுப்புழுவையே கடித்துத் தின்றுவிடுமாம். "நல்ல குடும்பம்" என்றேன். தண்ணீர் வைத்தால் விழுந்து செத்துப்போகும். காரட்டை நறுக்கிப் போட்டால் அந்த ஈரமே போதும். நறுக்குகிற வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டுமா? நான் வீட்டிலேயே துணி திருத்திக் கொடுக்கிறவள். ஜிப் மாற்றுவது, பேன்ட் ஓரம் மடிப்பது, பெருத்துப்போனவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது. புழுவுக்குக் காரட் போட்ட கையோடு கோட்டுத் தைக்கிறேன் என்று தெரிந்தால் ஒரு வாடிக்கையாளர் படியேறுவாரா?

அந்தப் புழுக்களுக்கு ஒரு சத்தம் உண்டு. நாலைந்து இருந்தால் கேட்காது. தட்டுத் தட்டாக, ஆயிரக்கணக்கில் அவை தவிட்டைக் கிளறும்போது வெளியே தூறல் போடுகிற மாதிரி இருக்கும். முதலில் காய்கிற துணியை எடுக்க ஓடியிருக்கிறேன். போகப்போகப் பழகிவிட்டது. பிறகு சத்தம் காதிலேயே விழாது. நின்றால்தான் தெரியும்.

அது நிற்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் வீடு கடைசி மாடியில். எதிரே வீடு கிடையாது. பூட்டிக் கிடக்கிற தண்ணீர்த் தொட்டி அறைதான். படிக்கட்டு முடிகிற இடத்தில், எங்கள் வாசலுக்கு நேர் முன்னால், தரையில் ஓர் இரும்புத் தகடு பதித்திருக்கும். அந்தத் தகட்டின் ஓரம் சுவருக்குள் போகும். அதே சுவரின் மறுபக்கம்தான் உள்ளறை. வீடு அவ்வளவு பெரிய அரண்மனை. லிஃப்ட்காரர்கள் முனையில் இரும்பு வைத்த கனமான பூட்ஸ் போடுவார்கள். அந்தப் பூட்ஸோடு அவர் தகட்டில் கால் வைத்ததும் அதிர்வு சுவர் வழியாகச் சட்டத்துக்குப் போய், அத்தனை தட்டும் கப்பென்று அடங்கிவிடும். செருப்புப் போட்ட காலுக்கு அடங்காது. என் வெறுங்காலுக்கு அடங்கவே அடங்காது. அதனால் அவர் பெல் அடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தூறல் நிற்கும், நான் எழுந்துபோய் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பேன், அதன் பிறகுதான் பெல் அடிக்கும்.

போன வருஷம் அவர் செத்துப்போனார். ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மோட்டார் அறையில் அவருடைய ஜோடி, சின்னவன். சின்னவன் என்றால் பொடியன் இல்லை. காதோரம் நரைத்தவன், இரண்டு பெண்களுக்கு அப்பா. இவரை எல்லாரும் பெரியவர் என்றதால் அவன் சின்னவன் ஆனான். குழிக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சில் 'ஆள் உள்ளே' என்ற பலகையை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். இவர் மாட்டவில்லை. சுவிட்சைப் போடுகிறவன் கீழே ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போட வேண்டும். அவன் கொடுக்கவில்லை. டீ குடிக்க மேலே வந்திருப்பார் என்று நினைத்தானாம். லிஃப்ட் இறங்கியது. கம்பெனியில் விசாரித்து, விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

சின்னவன் சாவுக்கு வரவில்லை. என் கையால் எத்தனை முறை சாப்பிட்டவன், அண்ணி அண்ணி என்று அடுப்படி வரை வந்து நின்றவன். வந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். வராமல் இருந்ததற்கும் வயிறு எரிந்தது. அவனை எப்படி நினைத்தாலும் எனக்கு எரியத்தான் செய்தது.

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப்போன பிறகு, முதல் வேலையாக இந்தப் புழுக்களைத் தொலைத்துத் தலைமுழுக வேண்டும் என்று ஒரு சாக்கை எடுத்து வைத்தேன். அன்று சாயங்காலம் யாருடைய பேன்ட்டுக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். நூல் மாற்ற மிஷினை நிறுத்தியபோது உள்ளறையில் தூறல் கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே கப்பென்று அடங்கியது.

நான் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன். பால் பொங்கி வரும்போதுதான் நினைவு வந்தது, டீ குடிக்க ஆள் இல்லை என்று.

பெல் அடிக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். திறந்து, வெளியே ஒருவரும் இல்லையென்றால்? திறக்காத வரைக்கும் அவர் வெளியே நிற்கிறார். திறந்த நிமிஷம் அவர் செத்தவர். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அடுப்படியிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தூறல் மறுபடி தொடங்கியது. சாக்கை மடித்துப் பரணில் போட்டேன்.

மறுநாளும் அடங்கியது. அதற்கு மறுநாளும். வெளிச்சம் மங்குகிற நேரம், அவர் வேலை விட்டு வருகிற அதே நேரம். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் முகத்துக்கு நேரே சிரிக்கிறவள் நான். வேறு யாராவது படியேறி வருகிறார்களோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைப் பிடித்து அமுக்கினேன். எனக்கு அவர் வேண்டும். பூட்ஸாக வந்தாலும் சரி, காற்றாக வந்தாலும் சரி.

மிஷினை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தேன். முதலில் எல்லாம் திட்டுதான். "ஒரு பலகைய மாட்டுறதுக்கு உங்களுக்கு என்ன கேடு? கை என்ன ஒடிஞ்சா போயிருந்துச்சு? ஊர்ல எல்லாருக்கும் புத்தி சொல்லத் தெரியுது, தனக்குன்னு வந்தா ஒண்ணும் கிடையாது." மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி பேசுவேன். பேசிப்பேசித் திட்டும் தீர்ந்துபோனது. பிறகு ஊர்க்கதை, குழாய் ஒழுகுவது, யார் யாருக்கு இடுப்பு பெருத்தது என்பதெல்லாம். ஒரு நாள் என்னை அறியாமல் வேறு ஒன்று வந்துவிட்டது. "போகட்டும் விடுங்க. வேணும்னா செஞ்சீங்க? எனக்குக் கோவம் இல்ல. நின்னது போதும், உள்ள வாங்க."

சொல்லிவிட்டு அழுதேன். அதற்குப் பிறகு தினமும் அதைச் சொல்லித்தான் முடிப்பேன். சொன்ன சற்று நேரத்தில் தூறல் தொடங்கும். கிளம்பிவிட்டார் என்று நானும் மிஷினை மிதிப்பேன். அன்றைய பொழுது அத்துடன் நல்லபடியாக முடிந்த மாதிரி இருக்கும்.

என் நாத்தனார், அவருடைய தங்கை, ஒரு சாயங்காலம் வந்து மாட்டிக்கொண்டாள். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி கூப்பிடத்தான் வந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டுகள் அடங்கின. நான் அவளை அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பார்த்து, தங்கச்சி வந்திருக்கா பாருங்க என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. எழுந்து கதவுப் பக்கம் போனாள். பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கதவத் தொட்ட, அப்புறம் உனக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது."

அவள் அழுதுகொண்டே கிளம்பினாள். போகிற போக்கில், வீடு நாறுகிறது அண்ணி, அதையாவது பாருங்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பைத்தியம் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

சலிக்கிறது, பிரிக்கிறது எல்லாம் அவர் வேலை. நான் காரட்டோடு சரி. அவர் போன பிறகு அடியில் படிந்ததை யாரும் எடுக்கவில்லை. மறுநாளே முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தட்டாக இறக்கி, சல்லடையில் சலித்து, புழுவையும் வண்டையும் புதுத் தவிட்டில் விட்டேன். அடியில் மணல் மாதிரி சேர்ந்திருந்த தூளையெல்லாம் வாரிக் கட்டிக் குப்பையில் போட்டேன். வீடு பளிச்சென்று ஆனது. நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அதன் பிறகு தூறல் இளைக்க ஆரம்பித்தது. பெரிய புழுக்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு வெளுத்துக் கூட்டுப்புழு ஆயின. கூட்டுப்புழு தின்னாது, நகராது, சத்தம் போடாது. அது இயற்கைதான். ஆனால் அவற்றின் இடத்துக்கு வர வேண்டிய குட்டிகள் எங்கே? மேல் தட்டுகளில் கிழட்டு வண்டுகள் மட்டும் திரிந்தன. பறவைக் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வண்டுத் தட்டுத் தூளையுமா கொட்டினீர்கள் என்றார். முட்டை, பொடிக் குட்டி எல்லாம் அதில்தான் இருக்குமாம். கண்ணுக்கே தெரியாதாம். வீட்டுக்காரர் சொல்லவில்லையா என்று கேட்டார். அவர் எதைத்தான் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்தார்? கைவசம் புழு இருந்தால் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவரோ எங்கள் வீட்டிலிருந்து எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தவர். இனி இந்தக் கூட்டுப்புழு வண்டாகி, முட்டை போட்டு, அது பொரிந்து, தவிட்டைக் கிளறுகிற அளவுக்கு வளர மாதக்கணக்கு ஆகும் என்றார்.

கடைசித் தட்டும் ஓய்ந்தது. எந்நேரமும் அடங்கியே கிடந்தால் அவர் வந்தது எது, போனது எது? என் கையாலேயே வாரிக் குப்பையில் கொட்டிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வெளிச்சம் மங்கினால் மிஷினில் கை ஓடாது. கதவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். வந்திருப்பார் என்று உத்தேசமாக ஏதாவது பேசுவேன். பேசியதை யாரும் வாங்கிக்கொள்ளாத மாதிரி இருக்கும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். வெளியே தகடு மெல்ல முனகியது. யாரோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கிறார்கள். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. இத்தனை நாளும் தூறல் மூடி வைத்திருந்த சத்தம் எல்லாம் இப்போது பக்கத்தில், கதவுக்கு அந்தப் பக்கம்.

பிறகு இருமல் வந்தது. வறட்டு இருமல், வாயைப் பொத்திக்கொண்டு அடக்கப் பார்த்த இருமல். என் வீட்டுக்காரருடைய இருமல் எனக்குத் தெரியும். இது அது இல்லை. செத்தவருக்கு எதற்கு இருமல் என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. நான் எழுந்து கதவைத் திறந்தேன்.

சின்னவன் நின்றான். தோளில் சாமான் பை, காலில் அதே மாதிரி பூட்ஸ். பாதி ஆளாக இளைத்திருந்தான். ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே என்றான். மன்னிப்புக் கேட்க வந்தானாம். பெல்லில் கை வைக்க முடியவில்லையாம். திரும்பிப் போய்விட்டு மறுநாளும் வந்தானாம். பூட்ஸ் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று படியில் திருடன் மாதிரி அடி வைப்பானாம். அப்புறம் உள்ளே நான் பேசுவது கேட்டதாம்.

அந்த வாசலிலேயே என் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை செத்தார். அதே ஆள் கையால். அவனை அடிக்கக் கை எழவில்லை. வாய் மட்டும் எழுந்தது.

"கோவம் இல்லன்னு சொன்னது உனக்கு இல்லடா. உனக்கு என்னைக்கும் இல்ல."

"தெரியும் அண்ணி" என்றான். "என்னை என்னைக்கு நீங்க வாங்க போங்கன்னு கூப்பிட்டீங்க? அவருக்குச் சொல்றதுன்னு தெரிஞ்சேதான் கேட்டுட்டு நின்னேன். வீட்டுல, வேலையில, யாருமே அதைப் பத்தி என்கிட்ட வாய் திறக்க மாட்டேங்குறாங்க. அந்த ஒரு வார்த்தை காதுல விழுந்தாதான் எனக்குத் தூக்கம் வருது."

கதவை அவன் முகத்தில் அறைந்தேன். இனிமேல் இந்தப் படியில் கால் வைத்தால் காலை ஒடிப்பேன் என்று கத்தினேன். அவன் இறங்கிப் போனான். இந்தத் தடவை மறைக்காமல், தொம் தொம் என்று அடி வைத்து இறங்கினான். கீழ் வாசல் வரைக்கும் எனக்குக் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் வெளியே ஒருவரும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கதவைத் திறந்தே வைத்துப் பார்த்தேன். தகடு இருந்தது, படி இருந்தது, தொட்டி அறையின் பூட்டு இருந்தது. உள்ளே புழுச் சத்தமும் இல்லை, வெளியே ஆளும் இல்லை. நான் பேச வாயைத் திறப்பேன். யாரைப் பார்த்துப் பேசுவது என்று மூடிக்கொள்வேன். அவர் செத்த அன்றுகூட வீடு இப்படி இருந்ததில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. ஒருவருடைய கோட்டுக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துக் கொடுத்து, இந்த வயதில் திட்டும் வாங்கினேன்.

கடைசியில் அவருடைய போனை எடுத்து, அதில் இருந்த சின்னவன் நம்பரைப் போட்டேன். எடுத்தான். செத்தவர் நம்பர் கூப்பிட்டதில் அரண்டு போயிருப்பான்.

"நாளையிலேருந்து வா" என்றேன். "பெல் அடிக்காத. கூப்பிடாத. இருமித் தொலைக்காத. கதவு திறக்காது, நீயும் உள்ள வரக் கூடாது. அந்த பூட்ஸப் போட்டுக்கிட்டு வந்து நில்லு, அவ்வளவுதான்."

சரி அண்ணி என்றான்.

வருகிறான். கூட்டுப்புழு வண்டாகி, வண்டுக்குக் குட்டி வந்து, தட்டுகளில் மறுபடியும் தூறல் கேட்கிறது. வெளிச்சம் மங்கும்போது அது கப்பென்று அடங்கும். வந்துட்டீங்களா என்று கேட்பேன். வெளியே நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்தான் நிற்கிறார். குழாய் சரியான கதை, நாத்தனார் போனில் அழுத கதை, கோட்டுக் கை தலைகீழான கதை, எல்லாவற்றையும் சொல்வேன். பழைய மாதிரி அவரைத் திட்டவும் செய்கிறேன்.

அந்த ஒன்றை மட்டும் சொல்வதில்லை. கோபம் இல்லை, உள்ளே வாங்க என்பது தினமும் தொண்டை வரைக்கும் வருகிறது. அவருக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. சொன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற அவன் காதிலும் விழும். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவனும் போக மாட்டான். கால் மாறிக் கால் மாறி நிற்பான். தட்டுகள் அடங்கியே கிடக்கும். அறைக்குள் இருட்டு ஏறும். அவன் எதற்காக நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். கடைசியில் படி இறங்குவான்.

இன்னும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வெளியிலேயே நிற்கிறார்கள்.